வான் பாயும்போதும் வற்றும்போதும்: வன்னிப் பிள்ளைகளின் குளக்கரைப் பாடம்

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 7 பிள்ளைகளிடம், "ஈரநிலம் ஒன்றுக்கு உதாரணம் சொல்லுங்கோ" என்று கேட்டபோது முதலில் வந்த விடை முத்துராஜவெல. அடுத்தது புந்தல. மூன்றாவதாக ஒரு பிள்ளை கனநேரம் யோசித்துவிட்டு, "நுவரெலியா" என்றது. ஈரநிலத்தையும் ஈரவலயத்தையும் குழப்பிவிட்டது. பிள்ளையில் பிழை சொல்ல முடியாது, சொற்கள் அப்படி. ஆனால் அந்த வகுப்பறையின் பின்பக்க யன்னலால் எட்டிப் பார்த்தால் ஒரு குளக்கட்டுத் தெரியும். கட்டோடு மருத மரங்கள் நிற்கும். பாதிப் பிள்ளைகள் காலையில் அந்தக் கட்டால்தான் சைக்கிள் உழக்கிப் பள்ளிக்கூடம் வந்திருந்தார்கள். அந்தக் குளத்தின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

இதற்குக் காரணம் தேடிக் கனதூரம் போகத் தேவையில்லை. புத்தகத்தில் ஈரநிலம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு படம் இருக்கும்; அந்தப் படத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும், படகு இருக்கும், அது தெற்கில் எங்கோ இருக்கும். வீட்டுக்குப் பின்னால் கிடப்பது வெறும் குளம். மாடு குளிப்பாட்டுகிற இடம், உடுப்புத் தோய்க்கிற இடம். ஓகஸ்டில் அதுவும் இல்லை, வெடித்த சேறுதான்.

1971 பெப்ரவரி 2ஆம் திகதி, ஈரானில் காஸ்பியன் கடலோர நகரமான ராம்சரில் கைச்சாத்தான உடன்படிக்கை ஈரநிலத்துக்குத் தரும் வரைவிலக்கணம் மிகவும் தாராளமானது. இயற்கையாக உண்டானதோ மனிதர் வெட்டியதோ, நிரந்தரமாக நீர் நிற்பதோ சில மாதம் மட்டும் நிற்பதோ, நன்னீரோ உவர்நீரோ எல்லாம் அதற்குள் வரும். கடலென்றால் வற்று நேரத்தில் 6 மீற்றர் ஆழத்துக்கு மேற்படாத பகுதியும் சேரும். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வன்னியைப் பார்த்தால் ஈரநிலம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைக்குளம் போன்ற பெரிய குளங்கள் ஒரு பக்கம். பெயர்ப்பலகைகூட இல்லாத நூற்றுக்கணக்கான சின்னக் குளங்கள் இன்னொரு பக்கம். அப்புறம் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் என்று கிழக்குக் கரையோரக் களப்புகள். மேற்கே மன்னாரில் வங்காலை. நெல்வயலும் கணக்கில் உண்டு.

ஊர்ப் பெயர்களே இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்ப்பள்ளம். முறிப்பு என்பது கட்டு உடைந்த இடம்; தண்ணிமுறிப்பு என்ற பெயருக்குள் ஒரு பழைய உடைப்பு கிடக்கிறது. தொடுவாய் என்பது களப்பும் கடலும் தொட்டுக்கொள்ளும் வாய். கொக்குத்தொடுவாயில் கொக்கும் சேர்ந்துகொண்டது. மருதோடை, நெடுங்கேணி, கனகராயன்குளம்... களப்பயணம் போவதற்கு முதல் நாள் பிள்ளைகளிடம் தங்கள் உறவினர் இருக்கும் ஊர்ப் பெயர்களை எழுதச் சொல்லி, நீரோடு சம்பந்தப்பட்ட பகுதியை அடிக்கோடிடச் சொன்னால் போதும். செலவில்லாத பாடம். பேத்திக்கும் தாத்தாவுக்கும் இரவு பேச விஷயமும் கிடைக்கும்.

சரி, வெளியே கூட்டிக்கொண்டு போவதென்று தீர்மானித்தாயிற்று. எப்போது போவது? வழமையாகப் போகும் நாள் பெப்ரவரி 2. ராம்சர் உடன்படிக்கையின் நினைவாக அது உலக ஈரநில தினம். பதாகை கிடைக்கும், பேச ஆள் கிடைக்கும், சிலவேளை பஸ்ஸுக்குக் காசும் கிடைக்கும். குளங்கள் நிறைந்திருக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. பார்க்க வடிவாக இருக்கும். என் மனக்குறை அந்த வடிவில்தான். பெப்ரவரியில் மட்டும் குளத்தைப் பார்த்த பிள்ளை குளத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறது.

வன்னி உலர்வலயம். ஒக்டோபரில் இடிமழையாகத் தொடங்கி, நவம்பர், டிசம்பரில் கொட்டி, ஜனவரியோடு மழை ஓய்ந்துவிடும். வருட மழையின் பெரும்பங்கு அந்தச் சில மாதங்களுக்குள் விழுகிறது. மீதி மாதங்களில் குளம் கொடுத்துக்கொண்டே இருக்கும்: வயலுக்கு, கிணற்றுக்கு, மாட்டுக்கு, வெயிலுக்கு. அதனால் இங்கே ஈரநிலத்தின் இயல்பே நிறைவதும் வற்றுவதும்தான். அதற்குள் வாழும் எல்லாமும் அந்த இரண்டுக்கும் பழகியவை. வற்றாத குளத்தில் வாழ வன்னிக் குளத்து உயிர்கள் பலவற்றுக்குத் தேவையே இல்லை.

இப்போது பாடசாலை நாட்காட்டியைப் பாருங்கள். வழமையான வருடத்தில் விடுமுறை வருவது ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிற டிசம்பரில் பாடசாலை பூட்டு. குளம் அடித்தரை காட்டுகிற ஓகஸ்டிலும் பூட்டு. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை; தீவு முழுவதற்கும் ஒரே நாட்காட்டி. ஆனாலும் இடைவெளி இருக்கிறது. டிசம்பர் தவறினால் ஜனவரி முதல் இரண்டு கிழமைகள், ஓகஸ்ட் தவறினால் செப்டெம்பர். ஜனவரியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் செதுக்க வேண்டும், செப்டெம்பரில் பாடத்திட்டம் முடிக்க வேண்டும் என்று அதிபர் சொல்வார். அவர் சொல்வதும் நியாயம்தான். இருந்தாலும் பஸ் பிடித்து வங்காலை போகும் ஒரு நாளைவிட, நடந்து போகக்கூடிய குளத்துக்கு இரண்டு பருவத்திலும் இரண்டு மணித்தியாலம் போவது அதிகம் கற்றுத்தரும் என்பது என் எண்ணம்.

ஜனவரிப் பயணத்துக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிஸ்கற் ரின் மூடி ஒன்றை நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தீந்தை பூசி, நடுவில் துளையிட்டு, 10 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிற்றில் கட்டினால் நீரின் கலங்கலை அளக்கும் தட்டுத் தயார். அடியில் ஒரு கல்லைக் கட்ட மறந்தால் மூடி மிதக்கும். எங்களுக்கு அப்படித்தான் முதல் முறை நடந்தது, பிள்ளைகள் சிரித்து முடிக்கவே நேரம் போய்விட்டது. இத்தாலியரான ஏஞ்சலோ செக்கி 1865இல் கப்பலில் இருந்து வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்தது இதே விஷயத்தைத்தான். தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கட்டில் நின்று ஆசிரியர் இறக்க, பிள்ளைகள் எட்டிப் பார்த்து "மறைஞ்சிட்டுது" என்று கத்தும் இடத்தில் முடிச்சை எண்ண வேண்டும். வெள்ளம் வந்த கையோடு பார்த்தால் இரண்டு, மூன்று முடிச்சிலேயே மறையும்; காட்டு மண் கரைந்து வந்திருக்கும். சில கிழமைகளில் மண் படிந்து தெளியும். வெயில் ஏறி நீர் குறையும்போது மறுபடி கலங்கும். இந்த முறை நிறம் பச்சை, காரணம் மண்ணில்லை, பாசி. ஒரே மூடி, மூன்று வேறு விடை.

துருசுக்குப் பக்கத்தில் அடிக்கணக்குப் போட்ட அளவுகோல் நிற்கும். "இரணைமடு 36 அடி" என்று மாரியில் செய்தி வரும்போது அந்த அடி இதுதான். பெரியவர்கள் வருடம் முழுக்கப் பேசும் எண், பிள்ளைகள் ஒருநாளும் வாசித்திராத எண். சிறுபோகத்துக்கு முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாவது இந்தக் கோலைப் பார்த்துத்தான். ஒரு வகுப்பு கிழமைக்கு ஒருதரம் அதை எழுதி வந்தால் கணிதப் பாடத்துக்கு வரைபு கிடைக்கும். வீட்டில் அப்பா கூட்டத்தால் முகம் தொங்கி வந்த காரணமும் விளங்கும்.

விடியற்காலையில் போக முடிந்தால் இன்னொன்று பார்க்கலாம். மீன்கள் வாயை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டிக் காற்றுக் குடிப்பதுபோல நிற்கும். பகலில் நீர்த்தாவரங்கள் ஒட்சிசன் விடும். இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதையே எடுக்கும். ஆகவே விடியும் முன்தான் குளத்துக்கு மூச்சு முட்டுகிற நேரம். ஒளித்தொகுப்பு என்ற தலைப்பில் மனப்பாடமாகச் சொன்ன வரிக்கு இப்போது வாய் முளைத்திருக்கும்.

செப்டெம்பர்ப் பயணம் வேறு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை.

அலைகரையில் நீர் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்திருக்கும். தாமரை இலைகள் கறுத்துச் சுருண்டிருக்கும். "ரீச்சர், இங்க ஒண்டுமில்லை" என்பார்கள் பிள்ளைகள். ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் மெல்லக் கிண்டச் சொல்ல வேண்டும். நாங்கள் கிண்டிய இடத்தில் உருண்டையாக ஒரு நத்தை வந்தது. வாசலில் தடித்த மூடி இறுக்கிப் பூட்டியிருந்தது. எடுத்தவன் உடனே முடிவு சொன்னான்: "இது செத்துப்போச்சு." எறியப் போனவனை மறித்து, ஒரு சிரட்டையில் தண்ணீர் விட்டு நத்தையை அதற்குள் வைத்தார் ரீச்சர். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் வேறு பக்கம் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது மூடி சற்று விலகி, மண்ணிற இறைச்சி வெளியே எட்டிப் பார்த்தது. அரை மணிக்குள் நத்தை சிரட்டையின் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. "நித்திரையா கொண்டது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கோடை உறக்கம் என்று புத்தகத்தில் உண்டு. அந்தச் சொல்லை அன்றைக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. பிறகு அதைக் கிண்டிய குழியிலேயே வைத்து மூடினோம். இரண்டு பேர் அடையாளத்துக்குத் தடி நாட்டினார்கள்.

இந்த நத்தைதான் ஜனவரியில் அதே அலைகரையில் நடந்து திரிந்த நத்தைகுத்தி நாரையின் சாப்பாடு. அந்த நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையை அந்த இடைவெளியில் வைத்துப் பாக்குவெட்டிபோல நொறுக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது அலகின் நுனியை மூடியோரம் செலுத்தி, மூடியைப் பிடித்திருக்கும் தசையை அறுத்துவிடுகிறது. ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. கரையில் முழுதாகக் கிடக்கும் வெற்று ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தால் பிள்ளைகளே இதைக் கண்டுபிடிப்பார்கள். குஞ்சு நாரைகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும்.

மீதித் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் ஊரார் கரப்புக் குத்தி மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே நின்று பார்ப்பது புத்தகத்தில் இல்லாத வகுப்பு. யப்பான் மீன் சோர்ந்து மேலே வரும், விரால் அசையாது. விராலுக்குச் செவுளோடு காற்றையும் நேரடியாகச் சுவாசிக்க வழி இருக்கிறது. ஈரச்சேற்றுக்குள் புதைந்து மழைவரை காத்திருக்கவும் தெரியும். யப்பான் மீன் என்று ஊர் சொல்வது திலாப்பியாவை. அது ஆபிரிக்காவில் இருந்து 1950களில் இலங்கைக் குளங்களுக்கு வந்தது. விரால் இந்த மண்ணின் பழைய குடி. குஞ்சு பொரித்தால் செந்நிறமாகக் கூட்டமாய்த் திரியும் அவற்றைத் தாயும் தகப்பனும் காவல் காக்கும் என்பது கரப்போடு நிற்கும் எந்த ஐயாவைக் கேட்டாலும் சொல்வார். அப்படிக் குஞ்சோடு திரியும் விராலைப் பிடிக்கக்கூடாது என்றும் சிலர் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே பிடிப்பவர்களும் உண்டு.

வந்தேறிகளில் சல்வீனியாவின் கதை ஆசிரியர்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது. குளத்தை மூடிப் பாய்போலப் படரும் அந்தப் பன்னத் தாவரம் 1939இல் கொழும்பில் தாவரவியல் பாடத் தேவைக்காகக் கொண்டுவரப்பட்டது. ஆய்வுகூடத்தில் இருந்து தப்பி நாடு முழுக்கப் பரவிவிட்டது. எடுத்த மாதிரியை எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

களப்புக்குப் போவதென்றால் மண்வெட்டி வேண்டாம், நாக்குப் போதும். ஊரார் கண்ணா என்றும் புத்தகம் வெண்கண்டல் என்றும் சொல்லும் மரத்தின் இலையை வெயில் ஏறிய நேரம் நாக்கு நுனியில் தொட்டால் கரிக்கும். வேரால் ஏறிய உப்பின் ஒரு பங்கை மரம் இலையால் வெளியே தள்ளிவிடுகிறது. உற்றுப் பார்த்தால் பொடிப் பளிங்கும் தெரியும். ஆனால் ஆசிரியர் முதலில் மரத்தை இனங்காண வேண்டும். பக்கத்திலேயே தில்லை நிற்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தில்லையைக் காட்டி, கை பின்னால் கட்டச் சொல்லி, அப்புறம்தான் கண்ணாவுக்கு வர வேண்டும்.

கனகராயன் ஆற்றை வைத்து ஒரு முழுத் தவணைப் பாடமே நடத்தலாம். அது இரணைமடுவை நிரப்பி, அங்கிருந்து வடக்கே போய்ச் சுண்டிக்குளக் களப்பில் விழுகிறது. ஒரே நீர் மேலே தாமரைக்கும் கீழே கண்டலுக்கும் போகிறது. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது. மேற்கே வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்ரயர் பரப்போடு 2010இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. இலங்கைக்கு இருக்கும் 6 ராம்சர் இடங்களில் ஒன்று. மாரியில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் அங்கே இறங்கும். 2021இல் மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்மதிக் கருவி பூட்டி விட்ட ஒரு கடற்புறா 7,000 கிலோமீற்றருக்கும் மேல் பறந்து, ரஷ்யாவின் வடகோடியில் உள்ள யமால் தீபகற்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உலகப்படத்தில் மன்னாருக்கும் யமாலுக்கும் நூல் கட்டிக் காட்டினால் பிள்ளைகள் அந்தப் படத்தை விட்டு நகர மாட்டார்கள்.

நந்திக்கடலுக்குப் போகும்போது குரல் தானாகத் தாழும். அது களப்பு. வட்டுவாகலில் கடலோடு சேரும் வாய் கோடையில் மணலால் அடைபட்டு மாரியில் திறக்கும். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அந்த வாயால் உள்ளே வந்து வளர்ந்து, திரும்ப அதே வாயால் போகும். உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு அந்த மணல் திட்டின் கையில் இருக்கிறது. பாடம் இவ்வளவுதான். ஆனால் 2009 மே மாதம் அந்தக் கரையில் முடிந்துபோன வாழ்க்கைகள் இந்தப் பிள்ளைகளின் வீட்டுச் சுவர்களில் படமாகத் தொங்குகின்றன. பெயர் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று நினைக்கும் ஆசிரியர் உண்டு. ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு வேலையைத் தொடங்கும் ஆசிரியரும் உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டாமவரைத்தான் பிடிக்கிறது.

இடப்பெயர்வு இந்தப் பாடத்தைக் கடினமாக்கிய இன்னொரு வழியும் இருக்கிறது. எந்தப் பற்றைக்குள் எந்தப் பறவை கூடு கட்டும், எந்த ஓடை எப்போது பெருகும் என்பது அப்புவோடு மாடு சாய்க்கப் போகும்போது தானாக வருகிற அறிவு. முகாமில் வளர்ந்த தலைமுறைக்கு அது வரவில்லை. இன்றைய பிள்ளைகளின் தாய் தகப்பன் அவர்கள்தான். ஆகவே களப்பயணத்துக்கு அழைக்க வேண்டிய வளவாளர் கொழும்பில் இருந்து வரத் தேவையில்லை. கமக்கார அமைப்பில் இருக்கும் எழுபது வயது ஐயா போதும். பன்புல் வெட்டிப் பாய் இழைக்கும் அம்மா ஒருவரையும் சேர்த்துக் கூப்பிட்டால் எந்தக் கரையில் எந்தப் புல் என்பதற்கு வேறு புத்தகம் வேண்டாம்.

போகும் முன்னான ஆயத்தத்தில் ஒன்றை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது. கண்ணிவெடி அகற்றியதாகக் கையளிக்கப்பட்ட இடமா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் ஒரு பிள்ளையையும் பற்றைக்குள் இறக்கக்கூடாது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, அகற்றும் வேலையும் நெடுங்காலமாக நடக்கிறது. ஆனால் வெள்ளம் மண்ணையும் மண்ணில் இருப்பதையும் இடம் மாற்றும். மற்றபடி முதலை, தாமரைக்கொடி, ஒக்டோபர் மின்னல், காயத்தோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் எல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. தெரிந்ததாலேயே பயமில்லை, அதுதான் ஆசிரியருக்குத் தலையிடி.

பதிவுப் புத்தகம் வகுப்பு அலுமாரியில் இருக்க வேண்டும், பிள்ளையின் பையில் இல்லை. தரம் 7 எழுதியதை அடுத்த வருடத் தரம் 7 புரட்டிப் பார்க்க அப்போதுதான் முடியும். நான் பார்த்த புத்தகத்தில் நான்கு நிரல்கள் இருந்தன: திகதி, கண்டது, எண்ணிக்கை, ஈரநிலத்தின் வகை. ஜனவரிப் பக்கம் முழுக்கக் கொக்கும் நீர்க்காகமும். வகை என்ற இடத்தில் எல்லோரும் "குளம்" என்று எழுதியிருந்தார்கள்.

செப்டெம்பர்ப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் எழுத்து இப்படி இருந்தது: "குளத்தில தண்ணி இல்லை. யானைக் காலடி 14. ஒரு காலடிக்குள்ள மட்டும் தண்ணி நிண்டது. அதுக்குள்ள 3 தவளை." நுவரெலியா என்று சொன்ன அதே பிள்ளைதான். நான்காவது நிரலில் "குளம்" என்று எழுதி வெட்டிவிட்டு, மேலே சின்னதாக எழுதியிருந்தது: "யானைக் காலடி".